நீர் ஒரு பருவம், இலை ஒரு பருவம்

இலையுதிர் காலத்து மரங்களின் நிறத்தையும் ஏரி நீரில் அவை தலைகீழாகத் தெரிவதையும் ஒரே படத்தில் பிடிப்பது நிலக்காட்சி ஒளிப்படக் கலையின் பழைய ஆசைகளில் ஒன்று. காஷ்மீரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சினார் மரங்கள் செம்பழுப்பாகும். ஜப்பானிலும் கனடாவிலும் மேப்பிள் மரங்கள் கிட்டத்தட்ட அதே நாட்களில் சிவக்கும். அந்த இடங்களில் இலை பழுக்கும் வாரங்களில் ஏரிகளும் நிறைந்து கிடக்கின்றன. ஆகவே நிறமும் நீரும் அங்கே ஒரே சமயத்தில் கைக்குக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே நீருக்கு ஒரு பருவம், இலைக்கு வேறொரு பருவம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் நாட்கள் மிகச் சில. அந்த நாட்களைக் கண்டுகொள்வதுதான் இந்த மண்ணில் இவ்வகைப் படம் எடுப்பதன் முதல் பாடம். கேமராவும் லென்ஸும் அதற்குப் பின்னால்தான் வரும்.

பள்ளிப் புவியியல் நூல்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்கின்றன. அது வடக்கே தொலைவிலுள்ள குளிர் நாடுகளின் கணக்கு. தமிழ் மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது. இலை உதிர்வதன் பெயரால் அவற்றில் ஒன்றுகூட இல்லை. மேலைநாட்டு இலையுதிர் காலத்தோடு நாள் கணக்கில் ஒத்துப்போவது ஐப்பசி, கார்த்திகைக்கு உரிய கூதிர். ஆனால் அது குளிர்ந்த மழையின் காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஏரிகள் நிரம்பும், மரங்கள் எல்லாம் கரும்பச்சையாக நிற்கும். இலை உதிர்வது அதற்கு நான்கு மாதம் கழித்து, பின்பனிக்கு உரிய மாசியிலும் பங்குனியிலும்.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இலையின் பச்சை, பச்சையம் என்னும் பொருளால் வருவது. மரம் இலையைக் கைவிடத் தீர்மானிக்கும்போது பச்சையத்தைச் சிதைத்து அதிலிருந்து பயன்படும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், முன்பிருந்தே உள்ளே கிடந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் எனப்படும் அந்த நிறமியைச் சில மரங்கள் இலை உதிர்வதற்குச் சற்று முன்னர் புதிதாகவே உண்டாக்குகின்றன. பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிவு அடுக்கு உருவாகி இலை கழன்று விழுகிறது. குளிர் நாட்டு மரத்துக்கு இந்த வேலையைத் தொடங்கச் சொல்வது குறுகிவரும் பகலும் கூடிவரும் குளிரும். இங்குள்ள மரத்துக்கு அதைச் சொல்வது மண்ணில் குறைந்துவரும் ஈரம். மழை நின்று, பனி விலகி, வேருக்குக் கிடைக்கும் தண்ணீர் குறையத் தொடங்கியதும், இலை வழியாக நீரை இழக்காமல் இருக்க மரம் இலையையே உதறிவிடுகிறது. மழை தள்ளிப்போன ஆண்டில் உதிர்வும் தள்ளிப்போகும். பாறைச் சரிவில் நிற்கும் மரம் முதலில் உதிர்க்கும், ஓடைக்கரை மரம் கடைசியில்.

ஆகவே தமிழ்நாட்டு இலையுதிர் காட்சியில் மலை முழுவதும் ஒரே நாளில் சிவந்து நிற்பதை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே கிடைப்பது கலவை. தேக்கின் அகன்ற இலைகள் மஞ்சளாகிப் பழுப்பாகி, சருகாகிச் சில வாரங்கள் கிளையிலேயே தொங்கும். தெருவோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும், பாதாம் மரம் என்று மக்கள் சொல்லும் நாட்டு வாதுமை, மேப்பிளுக்குச் சற்றும் குறையாத செம்மையை அடையும். இலவும் புரசும் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் சிவப்பும் செம்மஞ்சளுமாகப் பூக்கும். வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிய கையோடு துளிர்க்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. குளிர் நாட்டில் கிழ இலைக்கு இருக்கும் செம்பு நிறம் இங்கே தளிருக்கு இருக்கிறது. வேம்பு, அரசு, இலுப்பை, பூவம், மா ஆகிய மரங்களின் இளந்தளிர் செம்பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோதான் வெளிவரும். பெண்ணின் மேனி நிறத்துக்குத் தமிழ்ப் புலவர்கள் மாந்தளிரை உவமை சொன்னது இதைப் பார்த்துத்தான். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் உதிரும் இலையைத் தேடி ஏமாந்து திரும்பும் அதே காட்டில், தளிரைத் தேடிச் சென்ற கண்ணுக்குக் கை நிறையப் படம் கிடைக்கும்.

இலைக்குரிய மலையையும் நீருக்குரிய ஏரிகளையும் ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வசதியான இடம் கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை இருக்கிறது. கிழக்கில் உளுந்தூர்ப்பேட்டை, திருநாவலூர்ச் சமவெளி. நடுவில் ஏரிகள். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊராகிய திருநாவலூர், கெடில ஆற்றங்கரைப் பகுதியைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரிலேயே நாவல் மரம் இருக்கிறது. பக்தஜனேசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. அந்தக் கோயில் கருங்கல் கட்டடமாக எழுந்தது முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் இப்பகுதியில் படையோடு தங்கியிருந்த காலத்தில். 949இல் தக்கோலப் போரில் மாண்ட அந்த இளவரசனின் பெயரோடுதான் கடலூர் மாவட்டத்து வீரநாராயணன் ஏரியையும் மரபு சேர்த்துச் சொல்கிறது. இன்று வீராணம் எனப்படும் அதன் கரை நீளம் ஏறக்குறைய 16 கி.மீ. ஏரி வெட்டுவதைக் கோயில் கட்டுவதற்கு நிகரான அறமாக எண்ணிய நாட்டில், நீரில் விழும் பிம்பத்தைப் படமெடுக்க வருபவர் இயற்கையின் முன் மட்டும் நிற்பதில்லை. ஆயிரம் ஆண்டு மனித உழைப்பின் முன்னும் நிற்கிறார்.

அந்த உழைப்பின் வடிவமே ஒளியையும் தீர்மானிக்கிறது. இப்பகுதியில் நிலம் மேற்கேயுள்ள மலையிலிருந்து கிழக்கேயுள்ள கடலை நோக்கிச் சரிகிறது. ஓடிவரும் மழைநீரைத் தடுக்கும் ஏரிக்கரை ஆகவே பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலும் அதன் இரு முனைகள் மேற்கு நோக்கி வளைந்தும் இருக்கும். கரைமேல் நின்றால் நீர்ப்பரப்பு மேற்கே விரியும். காலையில் அங்கு நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழும். எதிர்க்கரைப் பனைகளும் தொலைவு மலையும் நேர் வெயிலில் பொன்னாகும். கரையின் நிழல் விழுந்த முன்பக்கத்து நீர் இருண்டு கிடக்கும். ஒளி பட்ட பொருள், நிழலில் கிடக்கும் நீர்: பிம்பம் செறிவாகத் தெரிய இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மாலையில் எல்லாம் தலைகீழாகும். சூரியன் நீருக்கு அப்பால் இறங்கும், பனைகள் கறுத்த உருவங்களாகும், வானத்தின் நிறம் மட்டுமே நீரில் நிற்கும். ஒரே இடத்தில் நின்று காலையில் நிறத்தையும் மாலையில் உருவத்தையும் எடுக்கலாம். ஏரி கட்டியவர்கள் இதை எண்ணிக் கட்டவில்லை என்றாலும் படமெடுப்பவருக்கு இது பெரிய கொடை.

இந்தக் கொடைக்கு ஒரு கால அளவு உண்டு. 12 பாகை வட அட்சத்தை ஒட்டிய இந்நிலத்தில் சூரியன் செங்குத்தாக மேலேறும். தை மாதக் கடைசியில் 6.40 மணியை ஒட்டி உதிக்கும் சூரியன் அரை மணி நேரத்துக்குள் அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர்ந்துவிடும். அதோடு பொன்னொளி முடிந்தது. பின்லாந்து போன்ற வட நாட்டில் இலையுதிர் காலச் சூரியன் அதே உயரத்தை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அங்குள்ளவர்கள் எழுதிய கையேடுகளை நம்பி ஏழரை மணிக்கு ஏரிக்கு வந்தால் இங்கு வெளுத்த வெயில்தான் மிஞ்சும். விடிவதற்கு அரை மணி முன்னதாகவே இடத்தைத் தேர்ந்து முக்காலியை ஊன்றியிருக்க வேண்டும். சூரியன் எழும் திசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். மார்கழியில் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை அளவு தெற்கே தள்ளி உதிக்கும் சூரியன் பங்குனியில்தான் நேர்கிழக்குக்கு வரும்.

விடியற்காலைக்கு மற்றொரு காரணமும் உண்டு: காற்று. இரவில் தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அடியில் படிந்துவிடுகிறது. மேலே வீசும் காற்று கீழே இறங்கி நீரைத் தொட முடிவதில்லை. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கிளறப்பட்டு, சிற்றலை எழுந்து, பிம்பம் உடைந்துபோகும். சிற்றலை எழுந்த நீரிலும் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு அலையின் சரிவும் வானத்தின் வேறொரு துண்டைக் காட்டுவதால் பிம்பம் மேலும் கீழுமாக நீண்டு இழுபடும். நீரில் விளக்கொளி நீண்ட கோடாகத் தெரிவது இதனால்தான். பூக்கும் இலவு ஒன்று கரையில் நின்றால், அலை பட்ட நீர் அதைச் சிவந்த பட்டையாக இழுத்துக் காட்டும். வெறும் கண்ணாடிப் பிம்பத்தைவிட அது சிறந்த படமாக அமைவதும் உண்டு.

நீர் எப்போது தெளியும் என்பதும் கவனிக்கத்தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் கொண்டுவரும் செம்மண்ணால் ஏரி காப்பி நிறத்தில் இருக்கும். கலங்கிய நீர் பிம்பம் காட்டாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான் உண்மை. நீரைச் செங்குத்தாக மேலிருந்து பார்த்தால் அதன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 2 பங்கு மட்டுமே திரும்பி வருகிறது. மிச்சம் உள்ளே போய் சேற்றையோ தரையையோ காட்டுகிறது. பார்வை சாயச் சாய இந்தப் பங்கு கூடும். நீர்ப்பரப்போடு 30 பாகைக் கோணத்தில் பார்த்தால் 6 பங்கு, 10 பாகையில் 35 பங்கு, 5 பாகையில் பாதிக்கும் மேல். தாழ்ந்து பார்ப்பவருக்குக் கலங்கல் நீரும் கண்ணாடியாகும். நான்கைந்து மீட்டர் உயர ஏரிக்கரை மேலேயே நின்றுகொண்டு எடுப்பவர்களின் படங்களில் பக்கத்து நீர் மண்ணாகவும் தொலைவு நீர் வெள்ளியாகவும் தெரிவது இதனால்தான். மதகுப் படியில் இறங்கி, கேமராவை நீரிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதே ஏரி வேறு ஏரியாகிவிடும்.

தாழ்வதால் கிடைக்கும் இன்னொரு நன்மை வடிவக் கணிதத்தைச் சேர்ந்தது. நீரில் தெரியும் பிம்பம், கரையில் தெரியும் காட்சியின் நகல் அல்ல. கேமரா நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுவே பிம்பம். ஆகவே எதிர்க்கரைப் பனைகளுக்குப் பின்னே உயர்ந்து தெரியும் மலை, நீரில் அந்தப் பனைகளுக்குள் கொஞ்சம் மறைந்து குட்டையாகத் தெரியும். கரையில் மல்லாந்து கிடக்கும் படகின் மேற்பரப்பு நேரில் தெரியும், நீரில் தெரியாது. கேமரா தாழத் தாழ இந்த வேறுபாடு குறைந்து, காட்சியும் பிம்பமும் ஒன்றுபோல் ஆகும். கணினியில் செய்த போலிப் பிம்பங்களைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. மேற்பாதிப் படத்தை அப்படியே கவிழ்த்து ஒட்டியிருந்தால் மலையும் மரமும் இரண்டு பாதியிலும் ஒரே அளவில் இருக்கும். உயரமான இடத்திலிருந்து எடுத்த உண்மைப் படத்தில் அப்படி இருக்கவே முடியாது. பிம்பம் பொருளைவிடப் பிரகாசமாக இருந்தாலும் அது போலிதான். நீர் தான் பெற்ற ஒளியைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவதில்லை.

திருப்பித் தருவது குறைவு என்பதிலிருந்துதான் ஒளியளவின் சிக்கல் பிறக்கிறது. பிம்பம் பொதுவாகப் பொருளைவிட ஒரு ஸ்டாப் முதல் இரண்டு ஸ்டாப் வரை இருண்டிருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது, இரண்டு என்றால் கால் பங்காவது. நீருக்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் வானம் வெளுத்துப் போகும், வானத்துக்கு ஏற்ப வைத்தால் நீர் கறுத்துப் போகும். பாதி இருண்டும் பாதி தெளிந்தும் இருக்கும் கிரேடுவேட்டட் ஃபில்டரை வானத்தின் பக்கம் இருட்டு வருமாறு பொருத்துவது பழைய முறை. வானத்தின் வெளுப்பு வெடிக்காத அளவில் ரா கோப்பாக ஒரு படம் எடுத்து, இருண்ட நீரைப் பிறகு கணினியில் சற்றே உயர்த்துவது இன்றைய முறை. எதுவானாலும் நீர் கொஞ்சம் இருண்டே இருக்க வேண்டும். இரண்டையும் சமமாக்கிய படத்தைக் கண் நம்பாது.

போலரைசர் ஃபில்டர் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. அது எல்லா நிலக்காட்சிக்கும் நல்லது என்று விற்பவர்கள் சொல்வார்கள். இலைகளுக்கு அது நல்லதுதான். இலையின் மெழுகுப் பூச்சில் படிந்த வெள்ளை மினுக்கத்தை நீக்கி உள்ளிருக்கும் மஞ்சளையும் சிவப்பையும் வெளிக்கொணரும். மழை நின்றவுடன் நனைந்த காட்டில் அதன் பயனை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் நீர்ப் பிம்பத்துக்கு அது எமன். நீர்ப்பரப்போடு 37 பாகை அளவில் பார்க்கும்போது ஃபில்டரை ஒரு நிலைக்குத் திருப்பினால் பிம்பம் முழுவதும் அழிந்து ஏரியின் அடித்தரை தெரியும். வேறு நிலைக்குத் திருப்பினால் பிம்பம் மீண்டு வரும். ஆகவே அதைப் பொருத்தியவர், வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி மெல்லத் திருப்பி, இலையின் மினுக்கம் குறைந்தும் பிம்பம் கெடாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். சூரியன் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும்போது வானத்தைக் கருநீலமாக்க அதனால் இயலாது. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அதன் ஆற்றல் முழுமையாக வெளிப்படும்.

ஃபோகஸ் விஷயத்தில் நீர் கண்ணை ஏமாற்றும். பிம்பம் நீரின் மேல்தோலில் ஒட்டியிருப்பதுபோல் தோன்றினாலும், லென்ஸைப் பொறுத்தவரை அது இருக்கும் தொலைவு, கேமராவிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து மலைக்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை. காலடியில் மிதக்கும் அல்லி இலையில் ஃபோகஸ் வைத்தால் அதன் பக்கத்திலேயே தெரியும் மலைப் பிம்பம் மங்கும். இரண்டும் தெளிவாக வேண்டுமானால் அப்பெர்ச்சரை எஃப் 8 முதல் எஃப் 11 வரை சுருக்கிக்கொள்ளலாம். எஃப் 22 வரை போனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் சற்று மழுங்கிவிடும். நிறத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை போதும்: ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடக் கூடாது. விடியலின் இளஞ்சூட்டையும் பழுத்த இலையின் மஞ்சளையும் கேமரா குறை என்று எண்ணித் திருத்திவிடும். பகல் ஒளிக்குரிய நிலையில் வைத்தால் மஞ்சள் மஞ்சளாக நிற்கும்.

இவ்வளவையும் பழகிப் பார்க்க ஏற்ற இடம் கச்சிராயபாளையத்தை அடுத்து, கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணை. அணைக்கரையிலிருந்து மேற்கே பார்த்தால் நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலை எழுகிறது. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் காடு அடுக்கடுக்காக மாறும். சுமார் 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு, அதற்கு மேல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு, அதையும் தாண்டிய மேட்டுநிலத்தில் ஆங்காங்கே பசுமை மாறாச் சோலைகள். மாசி மாதத்தில் அடிவாரத்திலிருந்து பார்ப்பவருக்கு இந்த நடு அடுக்கு மட்டும் பழுப்பும் மஞ்சளுமான அகன்ற பட்டையாக, மேலே பச்சையும் கீழே சாம்பல் பச்சையும் இருக்கத் தனித்துத் தெரியும். மலை முழுவதையும் சட்டத்துக்குள் அடைக்கும் அகல லென்ஸைவிட, அந்தப் பட்டையையும் அதன் பிம்பத்தையும் மட்டும் பிரித்தெடுக்கும் தொலைநோக்கு லென்ஸ் அங்கே கூடுதலாக உதவும். மேலே கரியாலூரில் படகுத்துறையோடு கூடிய சிறு ஏரி ஒன்று உண்டு. படகுகள் ஓடத் தொடங்கும் முன்பும், மார்கழி, தை மாதங்களில் மூடுபனி விலகும் நேரத்திலும் அது நல்ல படம் தரும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மரவள்ளி, சாமை வயல்களும் அறுவடைக் காலத்தில் தமக்கே உரிய பழுத்த நிறத்தோடு நிற்கும். மனிதர்கள் படத்தில் வரும்போது அவர்களிடம் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. காப்புக்காட்டுக்குள் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மாவட்டத்தின் வடக்கெல்லையில் திருக்கோவிலூரும் சொல்லத்தக்கது. தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து உச்சியில் சிறு கோயிலைத் தாங்கி நிற்கும் கபிலர் குன்று, பாரியின் நண்பராகிய கபிலர் உயிர்நீத்த இடம் என்பது மரபு. ஆற்றில் வெள்ளம் தணிந்து தெளிந்த நீர் மெல்லப் பரவும் வாரங்களில் அப்பாறை முழுவதும் நீரில் இறங்கி நிற்கும். ஓடும் நீரில் பிம்பம் நிலைக்காது என்பதால், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுப் பல விநாடிகள் ஷட்டரைத் திறந்து வைத்தால் சிற்றலைகள் ஒன்றோடொன்று கரைந்து பட்டுப்போன்ற பரப்பாகும். நெடுநேர ஒளிப்பதிவு எனப்படும் இந்த முறை புதிதல்ல, ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே வேறு வழியில்லாமல் வந்தது. 1856இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் எடுத்தபோது ஒளிபடும் நேரம் நீண்டதாக இருந்தது. அதனால் நீர்நிலைகள் அசைவற்றுத் தெரிந்தன. அக்கால நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டுமே மிகையாக இணங்கியதால் வானம் வெளுத்துப் போனது. அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி வானத்தை மீட்டார். இன்றைய கிரேடுவேட்டட் ஃபில்டரின் வேலையை அவர் தூரிகையால் செய்தார்.

நிறமே இல்லாமலும் தமிழ் நிலத்தின் பருவங்களைப் பதியலாம் என்பதற்கு மா. கிருஷ்ணன் சான்று. அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த அந்த இயற்கையியலாளர் கறுப்பு வெள்ளையிலேயே காட்டைப் படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டார். அவர் எடுத்தவை பெரும்பாலும் விலங்குகள் என்றாலும், வெறுங்கிளை மரத்தின் கோடும் சருகு மூடிய தரையின் மேடுபள்ளமும் நிறத்தின் துணையின்றி எவ்வளவு பேசும் என்பதை அப்படங்களில் கற்கலாம். முழுதும் இலை உதிர்த்த மரத்தின் பிம்பம் நீரில் நரம்பு நரம்பாக இறங்கி நிற்கும்போது வண்ணம் பெரும்பாலும் இடைஞ்சல்தான். சமூகக் காடு வளர்ப்பில் பல ஏரிகளுக்குள் நடப்பட்ட கருவேல மரங்கள் முழங்கால் நீரில் நிற்கும் காட்சி கறுப்பு வெள்ளைக்கென்றே அமைந்தது.

விலை உயர்ந்த கருவி இல்லாதவர் எதையும் இழந்துவிடவில்லை. நல்ல கைபேசியில் லென்ஸ் மேல் மூலையில் இருக்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் நீரிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வந்துவிடும். பெரிய கேமராவால் அவ்வளவு தாழ முடியாது. திரையில் மலையைத் தொட்டு ஃபோகஸை நிலைநிறுத்தி, வெளிச்சத்தைச் சற்றே கீழே இழுத்தால் வானம் காப்பாற்றப்படும். கைபேசி தானாகவே பச்சையையும் மஞ்சளையும் கூட்டிக் காட்டும் பழக்கத்தை அமைப்புகளில் அணைத்துவிடுவது நல்லது. காட்சியில் இல்லாத நிறத்தைச் சேர்ப்பது அந்த மரத்துக்கும் அந்தப் பருவத்துக்கும் செய்யும் அநீதி. நீரோரம் இறங்குபவர் ஏரிச்சேற்றையும், வண்டல் எடுத்த குழிகள் நீரில் மறைந்து கிடப்பதையும் மறந்துவிடக் கூடாது. கழியால் ஆழம் பார்க்காமல் கால் வைப்பது ஆபத்து. ஏரி நிறைந்திருக்கும் காலமே வலசை வந்த பறவைகள் நீரில் இருக்கும் காலமும். அவற்றைக் கல்லெறிந்து கலைத்துப் பறக்கவிட்டு எடுக்கும் படம் ஒரு படமே அல்ல.

இரண்டு பருவமும் சந்திக்கும் நாட்கள், மழை சரியாகப் பெய்த ஆண்டில், தை பிற்பாதியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை. அப்போது நீர் வண்டல் படிந்து தெளிந்திருக்கும், சம்பா அறுவடைக்காகப் பாசனம் ஓய்ந்திருக்கும், விடியலில் பனி இருக்கும், மலையின் நடு அடுக்கு பழுக்கத் தொடங்கியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் இந்தச் சந்திப்பே நிகழாது. இலை உதிரும்போது ஏரி வெறும் தரையாகக் கிடக்கும். நிறைந்த ஏரியும் நிலைத்துவிடாது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் படர்ந்துவிட்ட ஏரியில் எவ்வளவு நீர் இருந்தாலும் பிம்பத்துக்கு இடமில்லை. பங்குனியில் நீர் குறையக் குறைய மீன்பிடிக் குத்தகைக்காரர்கள் வலையோடு இறங்குவார்கள், சேறு கலங்கும். ஓரத்தில் வெடித்த வண்டலில் ஆடுமாடுகள் மேயும். அந்த ஏரியில் மலை மீண்டும் தலைகீழாக நிற்பதைப் பார்க்க அடுத்த ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டும்.